வந்து போகும் பழுது

நிலையாய் நிற்கும் நோயைக் கண்டறிவது எளிது. வந்து வந்து போகும் நோயைக் கண்டறிவதே அரிது. இரவெல்லாம் அனலாய்க் கொதித்த குழந்தை, வைத்தியரின் வாசலை மிதித்ததும் சிரித்து விளையாடுவதைக் காணாத பெற்றோர் இல்லை. "நேற்று இருந்த காய்ச்சல் இன்று எங்கே?" என்று வைத்தியர் வினவத் தாய் விழிப்பாள். அவள் பொய் சொல்லவில்லை; குழந்தையும் நடிக்கவில்லை. அந்நோய் தனக்கென ஒரு நேரத்தையும் ஒரு நிபந்தனையையும் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்நிபந்தனை யாதெனக் காணும்வரை மருந்து கொடுப்பது இருட்டிலே கல்லெறிவதற்கு ஒப்பாகும்.

மனிதருக்கு மட்டுமன்றி, மனிதர் ஆக்கிய இயந்திரங்களுக்கும் இத்தகைய நோய் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்துக் கார் ஒன்றை அது பற்றிக்கொண்டது. குடும்பத்துக் கார் என்றோமாயினும் அது எமது அத்தானின் கார். அக்காவும் பிள்ளைகள் மூவரும் உண்ணும் சோறு அதன் சில்லுகளிலேதான் உருண்டு வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் வாடகைக்கு ஓடுவதே அத்தானின் தொழில். மூன்று உருளைகளும் ஏறத்தாழ ஒரு லீற்றர் கொள்ளளவும் கொண்ட சிறிய பெற்றோல் எஞ்சின். அதனோடு ‘டேர்போ’ எனப்படும் கருவி. அந்த டேர்போ சில வேளை வலுவாக இழுக்கும். சில வேளை இழுக்காது. இதுவே நோய். அதன் காரணத்தைத் தேடிக் கண்ட வரலாறு, கார் வைத்திருப்போருக்கு மட்டுமன்றிக் காரே இல்லாத வீட்டு மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதி இங்கு எழுதுகின்றோம்.

காற்றை உண்ணும் எஞ்சின்

எஞ்சின் பெற்றோலால் ஓடுகிறது என்பது பாதி உண்மையே. ஒரு கிலோகிராம் பெற்றோல் செவ்வனே எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் வளி வேண்டும். ஆகவே எஞ்சின் உண்பது பெரும்பாலும் காற்றையே. உருளைக்குள் அதிக காற்றைப் புகுத்தினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம், வலுவும் கூடும். எஞ்சினைப் பெரிதாகச் செய்வது இதற்கு ஒரு வழி. சிறிய எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்துவது மற்றொரு வழி.

எஞ்சின் கழிக்கும் புகையையே இவ்விரண்டாம் வழிக்கு வேலையாளாக்கலாம் என்று கண்டவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி. 1905ஆம் ஆண்டில் அவர் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வெளியேறி வீணாகிறது. புகை செல்லும் வழியில் ஒரு சிறு சுழலியை வைத்து, அதே அச்சின் மறுமுனையிற் காற்றை அமுக்கும் சக்கரம் ஒன்றைப் பொருத்தினால், வீணாகும் சக்தியே காற்றை அமுக்கித் தரும். டேர்போவின் தத்துவம் இவ்வளவுதான். சிறிய கார்களில் உள்ள டேர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேலும் சுழல வல்லது. அது வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாகச் சேர்க்கும் அமுக்கத்தையே மெக்கானிக்குகள் ‘பூஸ்ட்’ என்பர்.

1918ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ், விமான எஞ்சின் ஒன்றைக் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஏற்றிச் சென்றார். உயரம் 14,000 அடிக்கு மேல். கடல் மட்டத்தில் 350 குதிரைவலு தந்த எஞ்சின், அம்மலையிற் காற்றின் அடர்த்தி குறைந்தமையால் 230 ஆகச் சோர்ந்தது. டேர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. எங்கள் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் உள்ளதிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. றம்பொடை ஏற்றத்திற் சாதாரணச் சிறு கார் மூச்சுத் திணறுவதும், டேர்போ உள்ள கார் அவ்வளவு திணறாமையும் இதனாலேயாம்.

இலங்கையில் இறக்குமதியாகும் கார்களுக்கான வரி, எஞ்சினின் கொள்ளளவையும் ஒட்டிக் கணிக்கப்படுகிறது. ஆதலாற் சிறிய எஞ்சினோடு டேர்போ பூட்டிய கார்கள் இங்கு மக்கள் மனத்தைக் கவர்ந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அதற்கிடையில் உள்ளதைத் திருத்தி ஓடுவதே எல்லோர்க்கும் விதியாயிற்று. பழைய கார்கள் பல இன்று திருத்துவோரின் கையை நம்பியே உயிர் வாழ்கின்றன.

வான்கதவும் அதன் செய்தியும்

காற்றை அமுக்கத் தெரிந்தாற் போதாது. அமுக்குவதை நிறுத்தவும் தெரிதல் வேண்டும். புகை கூடினாற் சுழலி விரையும். சுழலி விரைந்தாற் காற்றுக் கூடும். காற்றுக் கூடினால் எரிபொருள் கூடிப் புகை மேலும் பெருகும். இவ்வட்டத்தை எதுவும் தடுக்காவிடில் எஞ்சின் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்.

மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பியதும் வான்கதவுகளைத் திறந்து மிகை நீரை வெளியேற்றுவதை வன்னி மக்கள் அறிவர். டேர்போவிலும் அத்தகைய வான்கதவு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை ‘வேஸ்ட்கேற்’ என்பர். அது திறந்தாற் புகையில் ஒரு பகுதி சுழலியைத் தொடாமலே கடந்து போய்விடும். சுழலியின் வேகமும் அடங்கும்.

அக்கதவைத் திறப்பது யார்? புதிய கார்கள் பலவற்றில் மின்மோட்டார் திறக்கிறது. அத்தானின் காரிலோ பழைய முறையே உள்ளது. சிறு தகரக் கிண்ணம் ஒன்றினுள் றப்பர் மென்தகடும் சுருள்வில்லும் இருக்கின்றன. டேர்போ அமுக்கிய காற்றில் ஒரு துளி, மெல்லிய றப்பர்க் குழாய் வழியாக அக்கிண்ணத்துக்கு வருகிறது. அமுக்கம் வில்லை வென்றதும் மென்தகடு ஒரு கம்பியைத் தள்ளுகிறது. கம்பி கதவைத் திறக்கிறது. இடையில் மின்காந்த வால்வு ஒன்றும் உண்டு. வரும் காற்றிற் சிறிதளவை வேண்டியபோது வேறு வழியிற் கசியவிட்டு, கதவு சற்றுப் பிந்தித் திறக்குமாறு காரின் கணினி அதனைக் கொண்டு செய்கிறது. பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கலை முழுவதும் இதுவே.

ஆகவே அந்த மெல்லிய குழாயிற் செல்வது காற்று மட்டுமன்று. அது ஒரு செய்தி. "குளம் நிரம்பிவிட்டது" என்ற செய்தி. அச்செய்தி வழியிலே சிதறினால் வான்கதவு மூடியபடியே கிடக்கும். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

காகமும் பனம்பழமும்

அத்தானின் கார் காலையிற் குறையின்றி ஓடும். ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சியைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியாது. அதன் பின்னர், முன்னே செல்லும் வாகனத்தை முந்தும் வேளையில், திடீரெனச் சோர்ந்துவிடும். முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். காரை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு மீண்டும் இயக்கினால் எல்லாம் செம்மையாயிருக்கும். ஒருநாள் மாங்குளத்துக்கு அப்பால், விமான நிலையத்துக்குச் செல்லும் வயோதிபத் தம்பதியர் பின்னிருக்கையில் இருக்க, லொறி ஒன்றை முந்தும்போது கார் சோர்ந்தது. எதிரே பஸ் வந்தது. லொறிச் சாரதி நல்ல மனத்தோடு ஓரங்கட்டி வழிவிட்டதனாலேயே மூவரும் உயிர் தப்பினர். அன்றிரவு அத்தான் உணவு கொள்ளவில்லை என்று அக்கா சொன்னார்.

பட்டினத்திற் பெயர்பெற்ற கராஜ் ஒன்றிற் காரைக் காட்டியபோது, "டேர்போ போட்டுது, மாத்தவேணும்" என்றார்கள். அதற்குச் சொன்ன விலை அத்தானின் மூன்று மாத உழைப்பு. அக்கா தமது சங்கிலியை அடைவு வைப்பதற்காக எடுத்துக் கடதாசியிற் சுற்றி வைத்துவிட்டார்.

வேறோர் இடத்தில் காற்று வடியை மாற்றி, அமுக்கமானியைத் துடைத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கார் நன்றாக ஓடியது. "மச்சான், பிழை பிடிபட்டிட்டுது" என்று அத்தான் மகிழ்ந்தார். மூன்றாம் நாள் நோய் மீண்டது. அவ்விரு நாளும் மழை பெய்து, வீதியெங்கும் குளிர்ந்து கிடந்தது என்பதனைப் பின்னரே எண்ணிப் பார்த்தோம். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை எங்கள் ஊரவர்க்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வடியை மாற்றியதும் கார் ஓடியதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாயிற்று என்பதற்கு அஃது ஒன்றே சான்றாகாது.

டேர்போ போய்விட்டது என்ற முடிபையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். மலையிலே புகை கண்டு அங்கே தீ உண்டெனத் துணிவது தருக்க நூலாரின் பழைய எடுத்துக்காட்டு. புகை உள்ள இடமெல்லாம் தீ உண்டு. ஆனாற் தீ உள்ள இடமெல்லாம் புகை உண்டென்று அதனை மறித்துச் சொல்லலாகாது என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே தீ உண்டு, புகை இல்லை. அதுபோலவே, டேர்போ பழுதானாற் கார் இழுக்காது என்பது மெய். கார் இழுக்காதாயின் டேர்போ பழுது என்பது மெய்யன்று. கார் இழுக்காமைக்கு வேறு பத்துக் காரணங்கள் இருக்கலாம்.

கொப்பியும் கேள்வியும்

எமது கல்லூரியிற் பயின்று, க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுத் தொழிற்பயிற்சி பெற்று, கோண்டாவில் பக்கத்திலே தகரக் கொட்டகை ஒன்றிற் கார் திருத்தும் இளைஞன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் காரைக் கொண்டு சென்றோம். அவன் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. முதலிற் கேள்விகள் கேட்டான். எத்தனை மணிக்குச் சோர்கிறது? எவ்வளவு தூரம் ஓடியபின்? எத்தனை பேர் இருந்தார்கள்? மெதுவாக மிதித்தபோதா, அழுத்தி மிதித்தபோதா? சோர்வதற்கு முந்திய கணத்தில் என்ன நடந்தது?

அத்தானுக்குப் பாதிக்கு விடை தெரியவில்லை. "ஒரு கொப்பி வாங்குங்கோ ஐயா, பத்து நாளைக்கு எழுதுங்கோ, அதுவரைக்கும் ஒண்டையும் முந்தவேண்டாம்" என்றான் அவன். வாகனங்களை முந்தாமல், திறந்து கிடக்கும் நேர் வீதியில் மட்டும் அழுத்தி மிதித்துப் பார்க்குமாறு சொல்லி அனுப்பினான்.

பத்து நாளில் ஏழு தடவை நோய் தலைகாட்டியது. அத்தானின் கோணல் எழுத்தில் அக்கொப்பியை வாசித்தபோது நான்கு உண்மைகள் தெளிந்தன. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே ஏழும் நிகழ்ந்தன. மெதுவாக மிதித்தபோது ஒருமுறையேனும் நிகழவில்லை. எஞ்சினை அணைத்து மீண்டும் இயக்கியதும் நோய் ஒவ்வொரு முறையும் நீங்கியது. நான்காவது உண்மை எவரும் எதிர்பாராதது: சோர்வதற்கு முந்திய கணத்தில் ஏழு தடவையும் கார் வழக்கத்திலும் பலமாகப் பாய்ந்தது. வலு குறையுமுன் வலு கூடியது!

மறுநாள் அவன் ஸ்கானர் கருவியைக் காரிற் பொருத்திக்கொண்டு, வாகன நடமாட்டம் குறைந்த வீதியிலே தானே ஓட்டினான். எம்மை அருகில் இருத்தி எண்களை வாசிக்கச் சொன்னான். வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 100 கிலோபஸ்கால் என்பது மாணவர் அறிந்ததே. அதனையும் சேர்த்து 180 கிலோபஸ்கால் வேண்டுமெனக் கணினி கட்டளையிட்டது. உண்மையில் இருந்த அமுக்கம் 180ஐ எட்டியது, அங்கே நிற்கவில்லை, 195 ஆயிற்று, 210 ஆயிற்று. அந்தக் கணத்திற் கார் சோர்ந்தது, விளக்கு எரிந்தது.

"சேர், டேர்போ செத்துப்போனாக் காத்துக் குறையவேணும். இஞ்ச காத்துக் கூடுதே!" என்றான் அவன்.

இந்த ஒரு வசனத்தில் அடங்கியிருந்த தருக்கம் மூன்று மாத உழைப்பைக் காத்தது. தேய்ந்த டேர்போ அளவுக்கு மிஞ்சிய அமுக்கத்தைத் தர இயலாது. கார் சோர்ந்தது காற்றுப் போதாமையால் அன்று, காற்று மிஞ்சியமையால். மிகை அமுக்கம் உருளைக்குள்ளே எரிபொருளை நேரம் தவறி வெடிக்கச் செய்யும். முசலத்தையே உருக்கியும் விடும். அதற்கு அஞ்சிய கணினி, காற்று வாயிலைத் தானாகவே ஒடுக்கி எஞ்சினைக் காத்தது. நாம் நோய் என்று எண்ணியது உண்மையிற் காவல். நோயோ அதற்குப் பின்னே மறைந்து நின்றது.

டேர்போக் கார்களின் தொடக்க காலத்திலேயே இதற்கு ஒப்பான வரலாறு ஒன்று உண்டு. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர் என்னும் டேர்போக் கார் விற்பனைக்கு வந்தது. எரிபொருள் நேரம் தவறி வெடிக்காதிருக்க, நீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தாங்கியில் நிரப்பி வைக்க வேண்டும். அத்தாங்கி வற்றினால், எஞ்சினைக் காப்பதற்காகத் தடுப்பு ஒன்று பூஸ்ட்டைக் குறைத்துவிடும். உரிமையாளர் பலர் திரவத்தை நிரப்ப மறந்தனர். பின்னர் காருக்கு வலுவில்லை என்று குறை கூறினர். இரண்டு ஆண்டுகளோடு அக்காரின் உற்பத்தி முடிந்தது. அங்கும் வலுவின்மையாகத் தோன்றியது காவலே. பூஸ்ட்டை மின்னியற் கருவிகளாற் கணத்துக்குக் கணம் அளந்து அடக்கும் முறை, 1980களின் தொடக்கத்திற் சுவீடனின் சாப் கார்களில் வந்தது. பேர் கில்பிரான்ட் என்னும் பொறியியலாளரின் பணி அதிற் பெரிது.

பழைய குழாய் மீண்டும்

அமுக்கம் மிஞ்சுகிறதெனில் வான்கதவு திறக்கவில்லை. அது திறவாமைக்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. கதவோ கம்பியோ துருவினால் இறுகியிருக்கலாம். மின்காந்த வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். செய்தி கொண்டு செல்லும் குழாய் கசியலாம். அவன் மூன்றையும் ஒருங்கே மாற்றவில்லை, ஒவ்வொன்றாகச் சோதித்தான்.

அளவுமானி பூட்டிய சிறு கைப்பம்பி ஒன்றைக் கதவின் கிண்ணத்தோடு நேரே இணைத்துக் காற்றடித்தான். ஒவ்வொரு முறையும் அதே அமுக்கத்திற் கம்பி அசையத் தொடங்கியது. தங்கு தடையின்றி நகர்ந்தது. காற்றடிப்பதை நிறுத்தியபின் முள் ஒரு நிமிடம் அசையாது நின்றது. ஆகவே கதவும் நலம்; மென்தகடும் கிழியவில்லை. அடுத்து மின்காந்த வால்வைக் கழற்றி, குளிரிலும் சூட்டிலும் இயக்கிப் பார்த்தான். அது திறக்கவேண்டியபோது திறந்தது, மூடவேண்டியபோது மூடியது.

எஞ்சியது குழாய். கண்ணுக்கு அதிற் குறை தெரியவில்லை. குளிர்ந்த எஞ்சினிற் சோதித்தபோதும் முள் அசையவில்லை. இங்கே பலர் கைவிட்டிருப்பார்கள். அவன் கொப்பியின் முதல் உண்மையை மறக்கவில்லை. எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்தபின் மீண்டும் பம்பியைப் பூட்டினான். முள் மெல்ல மெல்ல இறங்கியது. கவ்வியைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியிலே நகக்கண் அளவிலான வெடிப்பு ஒன்று! சூட்டில் வெந்து இறுகிய றப்பர், குளிரில் இதழ் மூடிக் கிடக்கும். சூடும் அமுக்கமும் சேர்ந்தால் இதழ் விரியும். நான்கு உண்மைகளும் ஒரே கணத்தில் விளங்கின. மெதுவாக மிதித்தால் இதழை விரிக்க அமுக்கம் போதாது. காலையில் எஞ்சினிற் சூடு போதாது. மழை நாளிலும் அவ்வாறே. எஞ்சினை அணைத்து இயக்கினாற் கணினி தன் காவலைத் தளர்த்திவிடும். பிளேன்ரீ குடிக்கும் நேரத்திற் குழாயும் சற்று ஆறிவிடும்.

சில நூறு ரூபாய்க்கு, அதே துவாரமும் சூட்டைத் தாங்கும் தன்மையும் உள்ள புதிய குழாய் வாங்கிப் பூட்டினான். அதே வீதியில் மீண்டும் ஓடினோம். அமுக்கம் 180ஐத் தொட்டது. சிறிது நடுங்கி அங்கேயே நின்றது. அத்தான் கைகூப்பினார்.

அவனோ திருப்தி அடையவில்லை. புதிய குழாயைக் கழற்றிவிட்டு, வெடித்த பழைய குழாயை மீண்டும் பூட்டினான்! "என்ன தம்பி செய்யிறீர்?" என்று அத்தான் பதறினார். "ஐயா, இது காகமோ பனம்பழமோ எண்டு பாக்கவேணும்" என்று சிரித்தான். சூடேறிய காரில் அழுத்தி மிதித்தான். முள் 200ஐத் தாண்டத் தொடங்கியது. உடனே காலை எடுத்துவிட்டான். புதிய குழாயைத் திரும்பப் பூட்டினான், நோய் மறைந்தது. காரணத்தை நீக்கினால் நோய் நீங்குகிறது. காரணத்தை மீட்டால் நோய் மீளுகிறது. இதற்குமேல் விஞ்ஞான ஆய்வுகூடத்திலும் கேட்பதற்கு ஒன்றில்லை. சாதாரண தரப் பரீட்சையில் இதற்குப் புள்ளி வழங்கும் வினா எதுவும் அவனுக்கு வந்திராது.

இதனை வாசிப்போர், பூஸ்ட் நிலைதடுமாறும் கார் யாவற்றுக்கும் குழாயே காரணம் என்று முடிவு செய்துவிடலாகாது. அது மீண்டும் தீயிலிருந்து புகையைத் துணிவதாகும். அமுக்கம் குறைவாயின், அமுக்கிய காற்றைக் கொண்டு செல்லும் பெருங்குழாய்களின் இணைப்புகளையும், காற்றைக் குளிர்விக்கும் கருவியையும், மூடாது நிற்கும் வான்கதவையும், சுழலிக்கு முன்னே புகை கசிவதையும், அடைபட்ட காற்று வடியையும் பார்க்க வேண்டும். இவை யாவும் நலமாயின் மட்டுமே டேர்போவின் அச்சிலே கை வைக்கலாம். விளக்கை அணைப்பதற்காக பற்றரியைக் கழற்றிப் பூட்டுவது, சாட்சியைக் கலைத்துவிட்டு வழக்கு முடிந்தது என்பதாகும். இழுவை போதாதென்று வான்கதவின் கம்பியைத் திருகி இறுக்குவதோ, குளம் வான்பாயாதபடி கதவுக்குப் பூட்டுப் போடுவதாகும். அணை உடைந்தபின் அழுது பயனில்லை.

தேடலுக்குக் கூலி

அன்று மாலை அவன் கணக்கெழுதிக் கொடுத்தான். குழாய்க்குச் சில நூறு ரூபாய். வேலைக்கு ஒருநாட் கூலி. அத்தான் அவன் கேட்டதிலும் கூடவே கொடுத்தார். ஆயினும், "குழாய் மாத்தப் பத்து நிமிஷம், அதுக்கு ஒருநாட் கூலியோ எண்டு சில பேர் சண்டைக்கு வருவினம் சேர்" என்று அவன் சொன்னது எமது செவியை விட்டு அகலவில்லை.

இங்கே நாம் யாவரும் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெட்டியில் அடைத்த புதிய உறுப்புக்கு எவ்வளவு பணம் கேட்டாலும் கொடுக்கிறோம். கையிலே ஏந்திப் பார்க்கத்தக்க ஒரு பொருள் கிடைக்கிறதல்லவா? அரை நாள் குனிந்து நின்று, "இந்த உறுப்பு நலம், இதனை மாற்றவேண்டாம்" என்று கண்டு சொன்னவனுக்குக் கொடுக்க மனம் கூசுகிறது. உறுப்புக்கு மட்டும் விலை கொடுக்கும் ஊரில், திருத்துவோர் உறுப்பையே விற்பார்கள். அவர்களை மட்டும் நோவதில் நியாயம் இல்லை. தேடுபவனுக்குக் கூலி கொடுக்கும் ஊரிலேதான் தேடத் தெரிந்தவர்கள் பிழைப்பார்கள். அவர்களிடம் பயிலும் இளையவர்களும் தேடக் கற்பார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. விடை தெரியாத இடத்தில் முதலிற் செய்யவேண்டியது ஊகிப்பதன்று, எழுதிவைப்பது. எப்போது, எங்கே, எதற்கு முன், எதற்குப் பின் என்று பத்து நாள் எழுதினால், குழம்பிக் கிடப்பதும் ஓர் ஒழுங்கைக் காட்டத் தொடங்கும். ஒழுங்கு தெரிந்தபின், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியது பலித்தால் மகிழ்ந்துவிடாமல், பழையதை மீட்டுப் பாருங்கள்.

அக்காவின் சங்கிலி அடைவுக்குப் போகவில்லை. அத்தானின் கொப்பியை அவரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கின்றோம். கோணல் எழுத்தும் எண்ணெய்க் கறையுமாகக் கிடக்கும் அதனை, பத்தாம் வகுப்பு மாணவர்க்கு விஞ்ஞான முறை என்னும் பாடத்தைத் தொடங்கும் நாளில் மேசைமேல் வைத்து, முதற் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்கின்றோம். நான்காவது உண்மையை யார் முதலிற் காண்கிறார்கள் என்பதே அன்றைய கேள்வி.